கொட்டகைச் சுவர்

ஜூன் 8, ஞாயிறு

அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த பழைய கேன்வாஸ்களை இன்று வெளியே எடுத்தேன். மொத்தம் பதினாறு. ஒன்றுகூடத் தேறாது. தூக்கிப் போட மனசு வரவில்லை. தூசி தட்டி அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், ஸ்பிரிங்ஸ் என்ற ஊர். கேன்வாஸைத் தரையில் விரித்துப் பெயின்டைச் சொட்டவிட்டு வரைந்த ஓவியர் ஜாக்சன் பொல்லாக் வீடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் போவது அவர் மனைவி, ஓவியர் லீ கிராஸ்னருக்காக.

ஜூன் 14, சனி

ரயிலில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், அப்புறம் டாக்சி. சாதாரண மரவீடு, பின்னால் புல்வெளியும் உப்பங்கழியும். 1945 அக்டோபரில் கல்யாணம் ஆன கையோடு நியூயார்க்கை விட்டு இங்கே குடிவந்திருக்கிறார்கள். வீட்டுக்கான முன்பணம், கேலரி நடத்திய பெக்கி குகன்ஹைம் கொடுத்த 2,000 டாலர் கடன். வீட்டுக்குள் குளியலறைகூட அப்போது கிடையாது.

பொல்லாக் வரைந்த கொட்டகைக்குள் நுழையும் முன் நம் செருப்பைக் கழற்றவைத்து மெத்தென்ற வேறொன்று தருகிறார்கள். மகளுக்கு அது பெரிது. சர்ரக் சர்ரக் என்று இழுத்துக்கொண்டே வந்தாள். தரை முழுக்கப் பொல்லாக் சிந்திய பெயின்ட். 1953-ல் இதன்மேல் பலகை அடித்து மூடிவிட்டார்கள். 1984-ல் லீ இறந்த பிறகுதான் பெயர்த்தெடுத்தார்கள். அவர் இங்கே வரைந்த காலமெல்லாம் கணவரின் சொட்டுகள் அவர் காலடியில் மூடியே கிடந்திருக்கின்றன.

எல்லோரும் குனிந்து தரையையே பார்க்கிறார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லீ கேன்வாஸைச் சுவரில் அடித்து வரைந்தவர். படம் இருந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது. விளிம்பைத் தாண்டி ஓடிய தூரிகைத் தீற்றல்கள் மட்டும் சுற்றிலும் அப்படியே.

"அம்மா, பொல்லாக் இருந்தப்போ லீ வரைஞ்ச ரூம் எது?"

"மாடியில, சின்ன பெட்ரூம்."

"இவ்வளவு பெரிய கொட்டகை இருக்கும்போதா?"

இருந்தது, பொல்லாக்குடையதாக. 1956 ஆகஸ்ட் 11 அன்று குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பொல்லாக் இறந்தார். லீ அப்போது ஐரோப்பாவில். அடுத்த வருடம்தான் கொட்டகை அவர் கைக்கு வந்தது. 'பருவங்கள்' அந்த 1957-ல் வரைந்தது, அகலம் ஐந்து மீட்டருக்கும் மேல். அப்புறம் தூக்கம் போயிற்று. இரவில் விளக்கு வெளிச்சத்தில் நிறங்களை நம்ப முடியாதென்று பழுப்பும் வெள்ளையுமாகவே மூன்று வருடம் போல வரைந்தார். எனக்குப் பிடித்தவை அவைதான்.

ஜூன் 15, ஞாயிறு

கால் வலி. நாள் முழுக்க லீ நினைப்புதான்.

1951-ல் பெட்டி பார்சன்ஸ் கேலரியில் பதினான்கு படம் வைத்தார். ஒன்றுகூட விற்கவில்லை. 1953 வாக்கில், தன் அறைச் சுவரில் வரிசையாகக் குத்தியிருந்த கறுப்பு வெள்ளைச் சித்திரங்களைப் பிடிக்காமல் கிழித்தெறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சில வாரம் கழித்துத் திறந்தால் தரையெல்லாம் துண்டுகள், அவற்றில் ஏதோ இருந்தது. ஒட்ட ஆரம்பித்தார். விற்காத கேன்வாஸ்களும் இந்த ஒட்டுப்படங்களுக்கு அடித்தளமாயின. 1955-ல் காட்சிக்கு வைத்தார்.

கோபத்தில் கிழிப்பது யாருக்கும் வரும். திரும்பிப் போய்க் கதவைத் திறப்பதுதான் எனக்கு வராது.

ஜூன் 17, செவ்வாய்

ஆபீஸ் இடைவேளையில் படித்தது. லீ, ஹான்ஸ் ஹாஃப்மன் நடத்திய ஓவியப் பள்ளியில் மாணவியாக இருந்தபோது போட்ட கரித்துண்டுச் சித்திரங்களை 1976-ல் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியிருக்கிறார். கிட்டத்தட்ட நாற்பது வருடப் பழசு. (பெண் வரைந்தது என்றே தெரியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிய குரு அந்த ஹாஃப்மன்தான். பாராட்டாம்!) அடுக்கிவைத்ததில் ஒரு தாளின் கரி எதிர்த்தாளில் ஒட்டி இடவலம் மாறிய நிழலாகப் பதிந்திருந்தது. அதையும் சேர்த்தே வெட்டினார்.

தலைப்புகளெல்லாம் இலக்கணம். 'பார்' என்ற வினை பல காலங்களில், பல வடிவங்களில். ஒன்றின் பெயர் 'ஏவல்'. பார்!

ஜூன் 22, ஞாயிறு

பதினாறில் ஒன்றை இழுத்தேன், பழைய பூச்சாடி. பூச்சுப் பூசிய துணி கட்டருக்கு மசியவில்லை. சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அம்மா, அது மீன் வெட்டுறது!"

ஆமாம். நன்றாகவே வெட்டுகிறது. இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலம், அது மட்டும் பரவாயில்லை. சாடி குப்பைக்குப் போயிற்று. நீலம் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு அதைத் தள்ளிவைத்துத்தான் தட்டு போட்டேன்.