சென்னை மொட்டை மாடி, நிழல் கணக்கு, 2024

ஏப்ரல் 8, திங்கள்
அமாவாசை இரவு 11.51-க்கு. அந்த நேரத்தில் சூரிய கிரகணம், நிலவின் நிழல் மெக்சிகோ மேல் ஓடிக்கொண்டிருக்கும், பிறகு அமெரிக்கா, கனடா. நமக்கு நடுராத்திரி. இங்கே நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து கம்பின் நிழல் மறையும் ஏப்ரல் 24-க்கு இன்னும் 16 நாள்.

ஏப்ரல் 10, புதன்
பகல் 12.10. கம்பு 100 செ.மீ., நிழல் 8.6 செ.மீ., வடக்கே.

தளத்தில் நேராக அளக்கவே கூடாது. மழைத்தண்ணீர் ஓட கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். 2 அடிக்கு 2 அடி ப்ளைவுட், அடியில் அட்டையை மடித்துச் செருகி, ரசமட்டத்தின் குமிழி நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் நடுவில் நிற்கும்வரை பொறுமை வேண்டும். திசைகாட்டியும் உதவாது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஊசியை இழுக்கும். கம்பைச் சுற்றி 25 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். நிழல் முனை 11.15-ஐ ஒட்டி வட்டத்துக்குள் நுழையும், 1.05-ஐ ஒட்டி வெளியேறும். அந்த இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து, வடக்கு. இரண்டு கோல் நட்டு நடுப்பகலில் அரண்மனைக்குத் திசை குறித்தது நெடுநல்வாடையிலேயே வருகிறது.

சாயங்காலம் மூன்றாம் பிறை. படகு மாதிரி மல்லாந்து கிடக்கிறது. பாடப்புத்தகத்தில் பிறை நெட்டுக்குத்தலாக நிற்கும். அது வடக்கே தள்ளி இருப்பவர்கள் பார்க்கும் பிறை. இங்கே சூரியன் பிறைக்கு நேர் கீழே இறங்குகிறது, அதனால் அடிவயிறுதான் வெளிச்சம். மீதி வட்டம் சாம்பலாகத் தெரிவது பூமியிலிருந்து திரும்பிப் போன வெளிச்சம். பூமியின் நிழல் விழுந்துதான் நிலவு தேய்கிறது என்று இன்னும் சொல்கிறார்கள். சூரியன் மேற்கே இறங்கும்போது பூமியின் நிழல் கிழக்கே அல்லவா போகும்? பிறை இருப்பது மேற்கே.

ஏப்ரல் 13, சனி
சூரியன் மேஷத்தில் நுழைவது இன்று இரவு 9.15. பகலும் இரவும் சமமாகும் புள்ளியை அது மார்ச் 20-லேயே கடந்துவிட்டது. இடையில் 24 நாள். பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லச் சுழல்வதால், ஏறத்தாழ 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் சேர்ந்த பாக்கி அது. தை 1-ஐ உத்தராயணம் என்கிறோம், சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21, 22-ல். நிழலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

ஏப்ரல் 14, ஞாயிறு
6.1.

ஏப்ரல் 15, திங்கள்
நிழல் அளவு இல்லை. மாலை 4.30, அரை நிலா உச்சிக்குச் சற்றுக் கிழக்கே, சூரியன் மேற்கே. ஊதுபத்திக் குச்சியில் டேபிள் டென்னிஸ் பந்தைக் குத்தி, வெயில் படும்படி, கையை நீட்டி நிலவுக்குப் பக்கத்தில் பிடித்தால், பந்தில் வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோடு நிலவில் உள்ள கோட்டோடு அப்படியே ஒத்துப்போகிறது. பந்தை மெல்ல சூரியன் பக்கம் கொண்டுபோனால் பிறை, எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் முக்கால். பந்தின் பாதி எப்போதும் வெளிச்சம்தான். அந்தப் பாதியில் நம் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான் கணக்கு. கை நிழல் பந்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விழுந்தால் மறுபடி அந்தப் பழைய கதை ஆரம்பித்துவிடும்.

ஏப்ரல் 17, புதன்
3.4. தப்பு. 4.2 வர வேண்டும்.

தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தால் கம்பின் தலை தெற்கே 8 மி.மீ. சாய்ந்திருக்கிறது. அரை பாகைகூட இல்லை, கண்ணுக்கே தெரியாது. ஆனால் சூரியனுக்கு உச்சியை எட்ட இன்னும் இரண்டரைப் பாகைதான் பாக்கி. அதில் இந்தச் சாய்வு ஒரு நாளுக்கும் மேலான கணக்கை விழுங்கிவிடும். தலையை இரண்டு பக்கமும் நூலால் இழுத்துக் கட்டியாயிற்று. 14-ஆம் தேதி 6.1 சரிதானா என்று இப்போது சந்தேகம்.

ஏப்ரல் 19, வெள்ளி
வாக்குப்பதிவு. அளவு இல்லை.

ஏப்ரல் 20, சனி
2.4. தூக்குக்குண்டு சரி.

நிழலுக்கு விளிம்பே இல்லை. சூரியன் புள்ளி இல்லை, அரை பாகை அகலத் தட்டு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் ஓரம் 9 மி.மீ. மங்கும். அந்த மங்கலின் நடுவில் குறி வைக்க வேண்டும். கரும்பகுதியோடு நிறுத்தினால் குறைவாக வரும், சாம்பல் முடியும்வரை போனால் கூடுதலாக வரும். எது செய்தாலும் தினமும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்.

கேள்வி மறுபடி வந்தது: சூரியன் கிட்டே வருவதால்தானே வெயில்? ஜனவரி 3-ல் தூரம் 14 கோடியே 71 லட்சம் கி.மீ. இந்த 24-ஆம் தேதி 15 கோடியே 5 லட்சம். விலகிப் போய்க்கொண்டிருக்கிறோம், வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஜூலை 5-ல் இன்னும் தூரம், 15 கோடியே 21 லட்சம். அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் காரணம். பருவத்துக்குப் பருவம் பூமி தலையாட்டிக்கொண்டு போகிறது என்பதும் தப்பு. ஜனவரியில் பார்த்தாலும் ஏப்ரலில் பார்த்தாலும் துருவ நட்சத்திரம் இந்த மாடியிலிருந்து அதே 13 பாகை உயரத்தில்தான்.

ஏப்ரல் 22, திங்கள்
1.2. காற்று. குண்டு நிற்கவே இல்லை. வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்ட பிறகுதான் நின்றது.

ஏப்ரல் 23, செவ்வாய்
0.6 மாதிரி. மங்கலே நிழலைவிட அகலம்.

சித்ரா பௌர்ணமி. முழுநிலா சரியாக நாளை விடிகாலை 5.19-க்கு. சூரியன், பூமி, நிலவு மூன்றும் வரிசையில், ஆனாலும் கிரகணம் இல்லை. நிலவின் பாதை 5 பாகை சாய்ந்தது. அங்கே பூமியின் கருநிழல் ஒன்றரைப் பாகை அகலம்கூட வராது. பெரும்பாலான மாதம் நிலவு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும்.

மேகம் வேண்டாம். மேகம் மட்டும் வேண்டாம்.

ஏப்ரல் 24, புதன்
12.07. இல்லை.

12.03-ல் மேற்கே ஒரு சாம்பல் கீற்று, 12.06-ல் கம்பின் காலடியில் ஒட்டிக்கொண்டது, 12.11-ல் கிழக்கே எட்டிப் பார்த்தது. நாலு நிமிஷத்துக்கு 1.7 செ.மீ. நகர்வதால் ஒன்றிரண்டு நிமிஷம்தான் அவகாசம். பக்கத்தில் நிறுத்திய பிவிசி பைப்புக்குள் அடிவரை வெளிச்சம் இறங்கி, பலகையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம். டம்ளர் வைத்தவர்களுக்கு ஏமாற்றம்: வாய் அகலம், அடி குறுகல், அதன் நிழல் என்றைக்குமே மறையாது. அடியும் தலையும் ஒரே அகலமாக இருக்கும் பொருள்தான் வேண்டும்.

பெங்களூரும் 13 பாகைதான், அதனால் அங்கேயும் இன்றுதான், பத்து நிமிஷம் தள்ளி.

ஏப்ரல் 26, வெள்ளி
1.1. தெற்கே! ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுபடி மறையும்வரை நடுப்பகல் நிழல் இனி தெற்கேதான்.

மே 1, புதன்
காலை 7. தேய்பிறை, தெற்கே, இடப்பாதி வெளிச்சம். பந்தைப் பிடித்தால் அதே கோடு.

மே 4, சனி
கத்திரி ஆரம்பம். நிழல் 5.3, தெற்கே. சூரியன் உச்சியைத் தாண்டி பத்து நாள் ஆகிவிட்டது, வெயில் இப்போதுதான் ஏறுகிறது. தரை பகலில் வாங்குவதை இரவில் முழுசாகத் திருப்பித் தருவதில்லை, பாக்கி சேர்ந்துகொண்டே போகிறது. கம்பு மறுபடி சாய்ந்திருக்கிறது, இந்தத் தடவை மேற்கே.