பிஸ்கட்டில் இருந்த முட்டை

"கிரீமில் இல்லை ஐயா, பிஸ்கட்டில் உண்டு" என்று சொன்னேன். அப்படிச் சொன்னது சரிதான் என்று இன்றுவரை நினைக்கிறேன். அதற்கு அடுத்த நிமிடமே அவர் இன்னொன்று கேட்டார், அதற்கும் ஒரு பதில் சொன்னேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பதிலுக்கும் என்னால் நியாயம் சொல்ல முடிகிறது. ஒரே வாயிலிருந்து அவை அடுத்தடுத்து வந்தன என்பதுதான் மனதை அரிக்கிறது.

காவடி விரத நாட்கள் அவை. மொரீஷியஸில், குவாத்ர் போர்ன் நகரில் ஒரு வீடு. ஓட்டலில் விடுப்பு கிடைக்கும் நாட்களில் வீடுகளுக்குப் போய் இனிப்பு வகைகள் செய்யக் கற்றுக்கொடுப்பேன். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். அந்த வீட்டு மருமகள் கேட்டது அன்னாசியும் மாம்பழமும் வைத்து அடுக்கும் டிராமிசு; பிஸ்கட்டும் கிரீமும் அடுக்கடுக்காக வைக்கும் இத்தாலிய இனிப்பு. மாலையில் அவருடைய தோழிகள் வருவதாக இருந்தது. மாமனார் விரதம் இருப்பதால் முட்டை வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம், ரம் வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்.

ரம் பெரிய விஷயமில்லை. டிராமிசு பிறந்ததாகச் சொல்லப்படும் திரெவீசோ நகரில் 2010இல் பதிவு செய்த செய்முறையிலேயே மது கிடையாது. ஆனால் அதே செய்முறையில் 1 கிலோ மஸ்கர்போனே என்ற மென்மையான பாலாடைக்கட்டிக்கு 12 முட்டையின் மஞ்சள் கரு. அதற்குப் பதிலாக, குளிரவைத்து அடித்த கிரீமைச் சேர்த்துக்கொள்ளலாம். சுவையில் கனம் குறையும், ஆனால் பழம் போடும்போது அந்த லேசு நல்லதே. உறையவைக்கும் ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது; அதற்குப் பதில் கடற்பாசி. மிச்சம் இருந்தது பிஸ்கட். விரல் நீளத்தில் இருக்கும் அந்த சவொயார்தி பிஸ்கட்டுக்கு முட்டைதான் உயிர். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துத்தான் அதை உப்பவைக்கிறார்கள். நூற்றுக்கு 26 பங்காவது முட்டை இல்லாவிட்டால் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று இத்தாலியில் சட்டமே இருக்கிறது.

இதை மருமகளிடம் முன்னதாகவே சொன்னேன். அவர் சிரித்தார். "கடைப் பிஸ்கட்தானே? மாமா தினமும் தேநீரோடு பிஸ்கட் சாப்பிடுகிறார். இதையெல்லாம் அவரிடம் பேச வேண்டாம்" என்றார். பிரெஞ்சும் உள்ளூர் மொழியான கிரியோலும் கலந்து பேசினார், எனக்குப் புரிந்தது. அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அந்த வீட்டில் தமிழ் பேசுகிறவர் மாமனார் ஒருவர்தான். தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

வேலை நன்றாகவே நடந்தது. மருமகளுக்குக் கை சுத்தம். விக்டோரியா அன்னாசியின் தோலைச் சீவிவிட்டு, கண்களைச் சாய்ந்த வரிகளாகச் சுற்றிச் சுற்றி அவர் வெட்டி எடுத்த விதத்தைப் பார்த்தபோது, இவருக்கு நான் என்ன கற்றுக்கொடுப்பது என்று தோன்றியது. கற்றுக்கொடுக்க ஒன்று இருந்தது. பச்சை அன்னாசியை அப்படியே கிரீமில் போடக் கூடாது. அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும்; ஜெலட்டின் போட்டிருந்தால் உறையவே உறையாது. கடற்பாசியில் புரதம் இல்லை, அதனால் அது உறைந்துவிடும், ஆனால் கிரீம் கசந்து நீர்த்துப்போகும். துண்டுகளைச் சர்க்கரையோடு சில நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். ஒரு கரண்டி கிரீமில் பச்சைத் துண்டுகளைக் கலந்து ஓரமாக வைத்து, சற்று நேரம் கழித்து அவரையே சுவைக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். இப்படிச் சுவைத்துத் தெரிந்துகொண்டதை யாரும் மறப்பதில்லை.

அன்னாசிப் பாகில் பிஸ்கட்டை நனைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு நொடிக்கு மேல் பாகில் விட்டால் குழைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் உள்ளே வந்தார். தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. ஊர் எது என்று விசாரித்தார், மழை எப்படி என்று கேட்டார். பிறகு பாத்திரத்தைப் பார்த்து, "தம்பி, இதில் முட்டை உண்டா?" என்றார்.

மருமகள் பக்கத்திலேயே நின்றார். எங்கள் பேச்சு அவருக்குப் புரியவில்லை; நாங்கள் ஊர்க்கதை பேசுவதாக நினைத்திருப்பார்.

சொன்னேன்.

பெரியவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. "அப்படியானால் காலையில் எனக்குத் தருகிற பிஸ்கட்டிலும் இருக்குமோ?" என்றார்.

அந்தப் பொட்டலம் அடுப்பு மேடையில்தான் கிடந்தது. வந்தவுடன் சமையலறையில் இருக்கும் எல்லாவற்றிலும் சேர்மானப் பட்டியலைப் படித்துவிடுவது என் பழக்கம். பிரெஞ்சில் அச்சிட்டிருந்தது, மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை.

"அதை நான் பார்க்கவில்லை ஐயா" என்றேன்.

முதல் பதிலுக்கு நான் சொல்லும் நியாயம் எளிது. ஓட்டலில் எங்களுக்குப் பழக்கியதே அதுதான். சாப்பிடுகிறவர் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், தெரிந்ததை அப்படியே சொல்ல வேண்டும். ஒவ்வாமையா, மதமா, வெறும் அருவருப்பா என்று காரணம் கேட்க நமக்கு உரிமை இல்லை. பணம் கொடுப்பவர் ஒருவர், சாப்பிடுகிறவர் இன்னொருவர் என்றால், கேள்வி சாப்பிடுகிறவருடையது. இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அப்படியானால் இரண்டாவது கேள்வியும் சாப்பிடுகிறவருடையதுதானே?

அதற்கும் சமாதானம் வைத்திருக்கிறேன். அந்தப் பிஸ்கட் நான் செய்ததில்லை, நான் பரிமாறவும் இல்லை. என் வேலை அந்தப் பாத்திரத்தோடு முடிந்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால், கொடியேற்றத்திலிருந்து அவர் காத்துவந்த விரதம் தினமும் காலையில் மருமகள் கையாலேயே முறிந்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். காவடி எடுக்க இன்னும் சில நாட்களே இருந்தன. அந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் யார்?

இந்தச் சமாதானம் ஒருநாள் தாங்கும். அடுத்த நாள் வேறு மாதிரித் தோன்றும். பெரியவரின் மனதைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேனா, அல்லது கூலி கொடுக்கப்போகிற மருமகளையா? முதல் பதிலில் அவரை மாட்டிவிட்டாயிற்று, இரண்டாவதிலாவது விட்டுவிடுவோம் என்று கணக்குப் போட்டேனா? அந்த நேரத்தில் எந்தக் கணக்கும் போடவில்லை என்பதுதான் உண்மை. வாய் தானாகச் சொன்னது. கணக்கெல்லாம் வீடு திரும்பும்போது பஸ்ஸில்தான்.

இன்னொன்றும் உண்டு. பட்டியலைப் படிக்கிற அளவுக்கு அவருக்குப் பிரெஞ்சு தெரியும். ஓய்வு பெற்ற ஆசிரியர். பொட்டலம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார். உண்டு என்று கேட்க விரும்பினாரா, இல்லை என்று கேட்க விரும்பினாரா? என் பதிலைக் கேட்டதும், "சரி, விடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். ஏமாந்துதான் போனார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்படி நினைப்பதும் எனக்கு வசதியாக இருப்பதால்தானோ என்னவோ.

மாலையில் விருந்தினர் சாப்பிட்டார்கள், பாராட்டினார்கள். பெரியவர் தட்டை வாங்கவில்லை. ஏன் என்று யாரோ கேட்க, அவர் கிரியோலில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தார், நன்றி சொன்னார். அதன்பிறகு அழைக்கவில்லை.

ஓட்டலில் எங்கள் மூத்த பேஸ்ட்ரிக்காரரிடம் இதைச் சொன்னபோது, "இரண்டையும் சொல்லியிருக்க வேண்டும், அல்லது இரண்டையும் விழுங்கியிருக்க வேண்டும்" என்றார். கேட்க நேர்த்தியாக இருந்தது. ஆனால் இந்த இரண்டில் எது என்று கேட்டதற்கு அவரிடமும் பதில் இல்லை.

இப்போது விரத மாதங்களில் வீடுகளுக்குப் போனால் கடைப் பிஸ்கட்டைத் தொடுவதில்லை. தயிரும் சமையல் சோடாவும் போட்டு முட்டையில்லாத கேக் ஒன்றைத் தட்டையாகச் சுட்டு எடுத்துப் போகிறேன். பாகை அது சவொயார்தி போல உறிஞ்சுவதில்லை. மேலே வழுக்குகிறது, அடியில் ஈரம் தங்குகிறது. போன முறை ரோஸ் ஹில்லில் ஒரு வீட்டு அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று குறைகிறதே தம்பி" என்றார். இன்னும் இரண்டு மணி நேரம் குளிரில் இருந்தால் சரியாகிவிடும் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.