புள்ளி வைத்த எழுத்துகள்

3 ஜூன் 2024, திங்கள். ஏதென்ஸ்

தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் முன்வாசலில் எப்போது பார்த்தாலும் கூட்டம். அதே கட்டடத்தின் தென்பக்கம், தொசித்சா தெருவில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அதுதான் கல்வெட்டு அருங்காட்சியகம். 1885-இல் தொடங்கியது. 13,000-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளே இருக்கின்றன, பெரும்பாலும் கிரேக்கம். காலையில் என்னையும் சேர்த்து மூன்றே பேர்.

கப்பப் பட்டியல் தூணுக்கு முன்னால் போய் நின்றவன் ஒரு மணி நேரம் நகரவில்லை. மூன்றரை மீட்டருக்கு மேல் உயரமான பளிங்கு. உடைந்து சிதறிக் கிடந்த சுமார் 180 துண்டுகளைப் பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். கி.மு. 454-இல் தொடங்கி 15 ஆண்டுக் கணக்கு இதில் இருக்கிறது. ஏதென்ஸுக்குக் கட்டுப்பட்ட ஊர்கள் செலுத்திய கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு அத்தீனா தேவிக்கு. அந்தப் பங்கை மட்டும்தான் கல்லில் வெட்டினார்கள். அதை 60-ஆல் பெருக்கினால் ஊர் கட்டிய முழுக் கப்பம் கிடைக்கும். கோயில் அதிட்டானங்களில், அதாவது அடித்தளக் கற்களில், தேவதானக் கணக்குகளை எழுத்துக்கூட்டிப் பழகிய எனக்கு இந்தக் கணக்கு அந்நியமாகவே தெரியவில்லை. எண்களைக்கூட எளிதாகப் பிடித்துவிட்டேன். பத்துக்குத் 'தெகா' என்பதன் முதல் எழுத்து, ஆயிரத்துக்குக் 'கிலியோய்' என்பதன் முதல் எழுத்து, அவ்வளவுதான்.

4 ஜூன், செவ்வாய்

பழைய ஏதென்ஸின் சந்தைத் திடலான அகோராவில் வெயில் ஏறுவதற்குள் எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டேன். இடுப்பளவுகூட இல்லாத கல். கி.மு. 500 வாக்கில் நட்டது, நட்ட இடத்திலேயே கிடைத்திருக்கிறது. 'நான் அகோராவின் எல்லை' என்கிறது. நம் ஊர் எல்லைக்கல்லில் சூலமோ சக்கரமோ இருக்கும், பார்த்தவுடன் புரிந்துவிடும். இந்தக் கல் 'நான்' என்று தன்மையில் பேசுகிறது. வாய்விட்டுப் படித்தால் நம் குரலில் கல் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு முறை படித்தேன்.

அப்புறம் உடைந்த பானை ஓட்டுச் சில்லுகள். ஒருவரை ஊரைவிட்டுப் பத்தாண்டு விலக்கி வைக்க அவர் பெயரைக் கீறிப் போட்டவை. அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரே கிணற்றில் அரசியல் தலைவர் தெமிஸ்தோக்ளீஸின் பெயர் கீறிய 190 சில்லு கிடைத்தது. கையெழுத்தை ஒப்பிட்டால் மொத்தமே 14 பேர் எழுதியது. யாரோ உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி, வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தயாராக வைத்திருக்கிறார்கள். எழுத்தின் வளைவை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடிகிறதே என்று நாள் முழுக்க அதே நினைப்பு.

5 ஜூன், புதன்

இன்று கை வேலை. அனுமதி வாங்கிய ஒரு சின்னக் கல்லறைத் தூணில், சொல்லிக்கொடுக்கும் பேராசிரியையோடு படியெடுக்கப் பழகினோம். ஏதென்ஸில் இப்படிப்பட்ட குட்டைத் தூண்கள் ஏராளம். கி.மு. 317-இல் அதிகாரத்துக்கு வந்த ஃபாலெரோன் ஊர்த் தெமெத்ரியோஸ், ஆடம்பரக் கல்லறைகளுக்குத் தடை போட்டார். மூன்று முழத்துக்கு மிகாத சின்னத் தூண் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம். அதுவரை சிற்பம் சிற்பமாக நின்ற இடுகாட்டில் அதன் பிறகு பெயர், தகப்பன் பெயர், ஊர்ப்பெயர் என்று மூன்று வரிதான்.

நம்மிடம் மைப்படி. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி எடுப்போம். கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். இங்கே மையே கிடையாது. தடித்த வடிதாளை நனைத்துக் கல்லில் விரித்து, குச்சம் நெருக்கமான பிரஷால் அடிக்கிறார்கள். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்வரை அடி. அப்படியே காயவிட்டு உரித்தால் கல்லின் அச்சு தாளில் நிற்கிறது. கல்லைத் தொட்ட பக்கத்தில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி, புடைத்து நிற்கும். ஸ்குவீஸ் என்று பெயர். பத்திரமாக வைத்தால் பல தலைமுறைக்கு இருக்கும். கல் பிறகு தேய்ந்தாலும் தாளில் அது தேயாமல் இருக்கும்.

நான் அவசரப்பட்டு உரித்தேன். ஒரு மூலை கிழிந்து கல்லோடு தங்கிவிட்டது. பேராசிரியை ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தாளை நனைத்துக் கையில் கொடுத்தார். இரண்டாவது சரியாக வந்தது.

என் தூணில் இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் தெளிவு. முதல் வரியில் நான்கே எழுத்து. கடைசி இரண்டும் 'ஓன்'. முதல் எழுத்து ஒரு கூரை வடிவம், அடுத்ததில் கல் பொரிந்துவிட்டது. 'லியோன்' என்று நோட்டில் எழுதினேன். ஏதென்ஸில் சாதாரணமான பெயர்தானே. பேராசிரியை எட்டிப் பார்த்து, "இதை நீங்கள் பார்த்தீர்களா, நினைத்தீர்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

7 ஜூன், வெள்ளி

தாள் நன்றாகக் காய்ந்துவிட்டது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. சாய்வெளிச்சத்தில் ஒரு மயிரிழைப் புடைப்புக்கும் நிழல் விழும்.

கூரை வடிவ எழுத்து கிரேக்கத்தில் மூன்று. அடியும் நடுவும் இல்லாவிட்டால் லாம்டா. நடுவில் குறுக்குக்கோடு இருந்தால் ஆல்ஃபா. அடியில் கோடு இருந்தால் டெல்டா. வலக்கீழ் மூலையிலிருந்து வெளிச்சம் போட்டபோது அடியில் ஏதோ ஒன்று ஓடியது. கீறலாக இருக்கலாம் என்று தள்ளிவைக்கப் பார்த்தேன். ஆனால் கீறல் எழுத்தைத் தாண்டி ஓடும், ஆழம் சீராக இருக்காது. இது இரண்டு காலுக்கும் நடுவே சரியாகத் தொடங்கிச் சரியாக நிற்கிறது, உளி இறங்கிய ஆப்பு வடிவத்தோடு. டெல்டா. அப்படியானால் லியோன் இல்லை.

பொரிந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோட்டின் மேல்பாதி மட்டும். அது 'இ' ஒலிக்கான அயோட்டாவாக இருந்தால் 'தியோன்', அதுவும் பழக்கமான பெயர்தான்.

கல்வெட்டைப் படித்து எழுத, அறிஞர்கள் 1931-இல் நெதர்லாந்தின் லைடனில் கூடி வகுத்த குறியீடுகளைத்தான் இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். கல்லில் இல்லாததை நாம் நிரப்பினால் சதுர அடைப்பு. சுருக்கத்தை விரித்தால் வளைவு அடைப்பு. பாதி மட்டும் தெரிந்து, வேறெழுத்தாகவும் இருக்க வாய்ப்புள்ளதென்றால் எழுத்தின் அடியில் ஒரு புள்ளி. நமக்குப் புள்ளி வைத்தால் மெய்யெழுத்து. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் அந்தப் புள்ளியை வெட்டாமலே விட்டிருப்பார்கள், நாம்தான் மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இங்கே அதே புள்ளி சந்தேகத்தின் அடையாளம்.

8 ஜூன், சனி

இன்று பார்க்கப் போனது எகெஸ்தா ஒப்பந்தக் கல். சிசிலித் தீவிலுள்ள அந்த ஊரோடு ஏதென்ஸ் செய்த உடன்படிக்கை. தேய்ந்து, மேலே மழுங்கிப்போன கல். இதற்காக அறிஞர்கள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் நம்ப முடியாது.

ஏதென்ஸில் ஆண்டுக்கு ஓர் ஆர்கோன், அதாவது ஆட்சி அதிகாரி, அவர் பெயரே ஆண்டின் பெயர். இந்தக் கல்லில் அந்தப் பெயரில் 'ஒன்' என்ற ஈறு மட்டுமே ஐயமில்லாமல் தெரியும். ஹாப்ரோன் என்றால் கி.மு. 458/457. அந்திஃபோன் என்றால் 418/417. ஓர் எழுத்துக்கு 40 ஆண்டு! முதலாவது என்றால் ஏதென்ஸ் அவ்வளவு சீக்கிரமே சிசிலியில் கண் வைத்துவிட்டது என்று ஆகும். இரண்டாவது என்றால் 415-இல் சிசிலிமேல் படை போனதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த பேச்சு இது.

எழுத்தமைதிதான், அதாவது எழுத்தின் வடிவம்தான், சிக்கலைப் பெரிதாக்கியது. இந்தக் கல்லில் 'ஸ்' ஒலிக்கான சிக்மாவுக்கு மூன்று கோடு. பிற்காலச் சிக்மாவுக்கு நான்கு. மூன்று கோட்டுச் சிக்மா கி.மு. 445 வாக்கில் அரசாணைகளிலிருந்து மறைந்துவிட்டது என்பது நெடுநாள் விதி. அதனால் கல் பழையது என்றார்கள். 1961 முதல் ஹெரால்டு மாட்டிங்லி என்ற ஆய்வாளர் அந்த விதியே தப்பு என்று வாதாடினார், கேட்டவர்கள் குறைவு. 1990-இல் மார்ட்டிமர் சேம்பர்ஸும் உடன் வேலை செய்தவர்களும் லேசர் ஒளியில் படமெடுத்து, 'ஒன்'னுக்கு முன்னால் 'ஃப்' ஒலிக்கான ஃபை என்ற எழுத்து இருக்கிறது, அந்திஃபோன்தான் என்றார்கள். மறுப்புகளும் எழுந்தன. இன்று பெரும்பாலோர் அந்திஃபோன் பக்கம். இந்த ஒரு கல் நகர்ந்ததும், மூன்று கோட்டுச் சிக்மாவை நம்பிக் காலம் கணித்த வேறு பல ஆணைகளும் பிந்தைய பத்தாண்டுகளுக்கு நகர வேண்டிவந்தது.

கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நானும் ஃபையைத் தேடினேன். இருக்கிறது என்று படித்துவிட்டு வந்ததால் எனக்குத் தெரிந்தது. படிக்காமல் வந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டால், சத்தியமாகச் சொல்ல முடியாது.

9 ஜூன், ஞாயிறு

மௌசியோன் குன்றில் ஃபிலோபாப்போஸ் நினைவுச் சின்னம். லத்தீனைத் தேடித்தான் ஏறினேன். கமாகீனி நாட்டின் கடைசி மன்னர் நான்காம் அந்தியோகோஸின் பேரன் இவர். தாத்தாவின் நாட்டை கி.பி. 72-இல் ரோம் எடுத்துக்கொண்டது. பேரன் ஏதென்ஸில் குடியேறி, ரோமில் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றான கான்சுல் பதவி வரை போனார்.

நடுவிலிருக்கும் அவர் சிலைக்கடியில் கிரேக்கத்தில் 'ஃபிலோபாப்போஸ், எபிஃபனீஸின் மகன், பெசா ஊர்க்காரர்'. பெயர், தகப்பன், ஊர்! என் குட்டைத் தூணில் இருக்கிற அதே மூன்று. அரச வம்சத்துக்காரர் ஏதென்ஸ் குடிமகனாக மட்டும் நிற்கிறார். பக்கத்துச் சிலையின் அடியில் 'மன்னர் அந்தியோகோஸ், மன்னர் அந்தியோகோஸின் மகன்' என்று வம்சம். இடது தூண்பட்டையில் லத்தீன். அங்கே அவர் ரோமானியர். ஒற்றை எழுத்தில் காயுஸ் என்ற அவருடைய ரோமானியப் பெயர், ஒற்றை எழுத்தில் 'மகன்', மூன்று எழுத்தில் கான்சுல் என்று எல்லாம் சுருக்கம், பதவிகளின் வரிசை. ஒரே ஆள், மூன்று முகம். எந்த முகத்தை எந்த மொழியில் காட்டுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதன் காலமும் அந்த லத்தீனிலேயே இருக்கிறது. பேரரசர் திராயானின் பட்டங்களில் 114-இல் பெற்ற 'ஒப்திமுஸ்' உண்டு, 116-இல் பெற்ற 'பார்த்திக்குஸ்' இல்லை. ஆக இடைப்பட்ட காலம். இருப்பதையும் இல்லாததையும் சேர்த்துப் படித்தால்தான் இது கிடைக்கும்.

வலப்பக்கம் இப்போது இல்லை. அங்கே செலூக்கோஸ் மன்னரின் சிலை இருந்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், 1436-இல் வந்த அங்கோனா ஊர் வணிகர் சிரியாக்குஸ் அங்கே இருந்த எழுத்துகளைப் பார்த்து எழுதி வைத்ததுதான். கல் போய்விட்டது, அவர் எழுதியது நிற்கிறது.

11 ஜூன், செவ்வாய்

நூலகம். ஃபிலோபாப்போஸின் தங்கை யூலியா பால்பில்லாவைத் தேடிப் படித்தேன். கி.பி. 130 நவம்பரில் பேரரசர் ஹாத்ரியானோடும் அரசி சபீனாவோடும் எகிப்துக்குப் போனவர். தீப்ஸில் விடியற்காலையில் ஒலி எழுப்பிய மெம்னோன் சிலையின் காலில் இவருடைய நான்கு கவிதைகளை வெட்டியிருக்கிறார்கள். பழைய கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோ எழுதிய அதே ஏயோலிக் வட்டார வழக்கில். தன் முன்னோரையும் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். அந்தச் சிலையில் கிரேக்கமும் லத்தீனுமாக மொத்தம் 107 கல்வெட்டுகள். அண்ணன் இங்கே குன்றின் உச்சியில், தங்கை அங்கே நைல் கரையில்.

12 ஜூன், புதன்

அனல். அக்ரோபோலிஸை மதியம் மூடிவிட்டார்கள். நான் உள்ளே இருந்தேன்.

கடைசியாக ஒருமுறை என் தாளை எடுத்து டார்ச் போட்டேன். டெல்டாவின் அடிக்கோடு இருக்கிறது, ஆனால் வலது முனை தெரியவில்லை. இரண்டாம் எழுத்தின் செங்குத்துக் கோட்டுக்கும் மூன்றாம் எழுத்துக்கும் இடைவெளி அளந்தேன். 'எ' ஒலிக்கான எப்சிலோன் வெட்டுவதற்கு இடம் போதாது, அயோட்டாவுக்குச் சரியாக இருக்கிறது. பேராசிரியையும் அளந்து பார்த்துத் தலையசைத்தார்.

'தியோன்' என்று எழுதி, முதல் இரண்டு எழுத்துக்கும் அடியில் புள்ளி வைத்தேன். தாளின் ஓரத்தில் பென்சிலால் கல்லின் எண்ணையும் தேதியையும் குறித்து, படிகள் அடுக்கும் தட்டில் மற்றவற்றோடு வைத்துவிட்டு வந்தேன்.