கேரவன் வேனில் சேஞ்ச் ஓவர் மாற்றினேன்: காண்டாக்டர் போய் கைப்பிடி வந்தது

கோத்தகிரியில் நிற்கும் எங்கள் வேன் ஒரு பழைய டெம்போ டிராவலர். உள்ளே படுக்கை, சின்ன அடுப்படி, ஃப்ரிட்ஜ் எல்லாம் முன்பு வைத்திருந்தவர் போட்டுக்கொண்டது. 230 வோல்ட் கரண்ட் அதற்கு இரண்டு வழியில் வரும். நிறுத்துகிற வீட்டின் ஈபி பிளக்கில் கேபிளைச் செருகலாம். அல்லது பின்பக்கம் இருக்கும் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரை ஓட்டலாம். எது வருகிறதோ அதைத் தானே பிடித்து உள்ளே அனுப்ப நடுவில் ஓர் ஆட்டோமேட்டிக் சேஞ்ச் ஓவர் பெட்டி. கெட்டது அதுதான்.

பகலில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் வாட்டர் ஹீட்டர் போட ஆரம்பித்ததும் பெட்டி படபடவென்று அடிக்கும். கெட்டிலைப் போட்டால் இன்னும் மோசம். நாளாக ஆக, பகலிலேயே பெட்டியின் மூடி தொட முடியாத சூடு. லேசாகப் பிளாஸ்டிக் கருகும் வாடையும் சேர்ந்துகொண்டது. அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

திறந்து பார்த்தால் இரண்டு காண்டாக்டர் (காந்தச் சுருள் இழுத்து மூடும் சுவிட்ச்), ஒன்று இழுத்தால் மற்றது இழுக்க முடியாதபடி நடுவில் ஓர் இன்டர்லாக், ஜெனரேட்டர் நிதானத்துக்கு வரும்வரை காத்திருக்க ஒரு டைமர். அமைப்பு சரிதான். இடம்தான் சரியில்லை. காண்டாக்டரின் காயில், அதாவது அந்தக் காந்தச் சுருள், நிச்சயமாக இழுக்கும் என்று சொல்ல, குறித்த வோல்டேஜில் 85 சதவீதமாவது வர வேண்டும். 230-க்கு அது ஏறக்குறைய 195 வோல்ட். நாங்கள் நிறுத்துகிற இடம் லைனின் கடைசி வீடு. மாலையில் அங்கே மீட்டர் 185 காட்டும். 1932-லேயே பைக்காராவில் கரண்ட் எடுத்துக் கீழே கோவைப் பக்கம் அனுப்பிய மலை இது, என்ன சொல்ல!

படபடப்புக்குக் காரணம் இப்படி: காயில் எப்படியோ பிடித்துக்கொண்டிருக்கும்போது கெட்டில் போட்டால் வோல்டேஜ் இன்னும் இறங்கும், காயில் விட்டுவிடும். விட்டதும் லோடு போய்விடும், வோல்டேஜ் ஏறும், மறுபடி பிடிக்கும். பிடித்ததும் மறுபடி லோடு. இந்த விளையாட்டு நடக்கும் ஒவ்வொரு தடவையும் காண்டாக்ட் முனையில் ஒரு பொறி, ஒரு சின்னப் பள்ளம்.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கக் கண்டினியூட்டி பீப் சத்தத்தை (கரண்ட் போக வழி இருந்தால் மீட்டர் கத்துவது) நம்பக் கூடாது. பள்ளம் விழுந்த காண்டாக்டிலும் அது அழகாகக் கத்தும். லோடு ஓடும்போது காண்டாக்டின் உள்ளே வரும் திருகுக்கும் வெளியே போகும் திருகுக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்க வேண்டும். உயிருள்ள லைனில் செய்கிற வேலை, பழக்கம் இல்லாதவர்கள் தொட வேண்டாம். நல்ல காண்டாக்டில் சில பத்து மில்லிவோல்ட்தான் இருக்கும். இங்கே காலை நேரத்தில் கெட்டில் 6 ஆம்பியர் இழுக்கையில் 6 வோல்ட் நின்றது. 36 வாட். ஒரு சால்டரிங் அயர்னைப் பற்றவைத்துப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்ததுபோல.

காண்டாக்டரை மட்டும் மாற்றிவிட்டு முடித்திருப்பேன். குன்னூரிலிருந்து வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன் விடவில்லை. "தம்பி, ரெண்டு நியூட்ரலும் ஒரே லிங்க்ல கிடக்கு பாருங்க. ஃபேஸ் மட்டும்தான் மாறுது."

லிங்க் என்றால் கம்பிகளைச் சேர்த்து முறுக்கும் உலோகப் பட்டை. அவர் காட்டிய பிறகுதான் ஒரு பழைய புதிர் விடுபட்டது. வேனை விற்றவர் அப்போதே சொல்லியிருந்தார், சில வீடுகளில் செருகினால் அந்த வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) விழுந்துவிடும், அது அவர்கள் வயரிங் கோளாறு என்று. கோளாறு வேனில்தான். ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் சட்டத்தோடு, அதாவது வேன் எர்த்தோடு, சேர்த்திருந்தார்கள். அது தேவையானதுதான், சேர்க்காவிட்டால் ஜெனரேட்டரில் ஓடும்போது வேனின் ஆர்சிசிபி வெறும் அலங்காரம். ஆனால் ஈபி நியூட்ரலும் அதே லிங்கில் இருந்தால், கேபிளைச் செருகிய உடனே அந்த வீட்டு நியூட்ரலும் எர்த்தும் வேனுக்குள் கைகோத்துவிடும். ஆர்சிசிபி உள்ள வீட்டில் அது விழும். இல்லாத வீட்டில் விழாது, நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு சத்தமில்லாமல் எர்த் கம்பியில் ஓடும். இரண்டாவதுதான் பயம்.

ஆக வேண்டியது ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் இரண்டு போல் சுவிட்ச். ஆட்டோமேட்டிக்கா, கையால் திருப்புவதா? வீட்டில் யோசித்தால் ஆட்டோமேட்டிக்தான் சுகம். வேனில் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்க எப்படியும் நான்தான் இறங்கிப் போக வேண்டும், சோக் போட வேண்டும், சூடாகும்வரை நிற்க வேண்டும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு 3 சதவீதத்துக்கு மேல் இன்ஜின் சக்தி குறையும் என்பதால் என் 2 கேவிஏ இங்கே 1.6 போலத்தான் உழைக்கிறது. இதில் ஃப்ரிட்ஜ், சார்ஜர், கெட்டில் மூன்றையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கும் ஆட்டோமேட்டிக் எனக்கு எதற்கு? கோவையில் 40 ஆம்பியர், 1-0-2 என்று திருப்பும் ரோட்டரி சுவிட்ச் வாங்கினேன். காயில் இல்லை, ஆகவே வோல்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் படபடப்பு இல்லை. நடுவில் 0 இருப்பதால் ஒன்றை விட்ட பிறகே மற்றதைப் பிடிக்கும். பக்கத்தில் இரண்டு குட்டி வோல்ட் மீட்டர், ஒன்று ஈபி, ஒன்று ஜெனரேட்டர். பார்த்துவிட்டுத் திருப்பலாம்.

மாட்டும் வேலை சாதாரணம். கேபிளைப் பிடுங்கி, ஜெனரேட்டர் சாவியை எடுத்துப் பையில் போட்டு, இன்வெர்ட்டரின் பேட்டரி ஐசொலேட்டரையும் திருப்பிவிட்டேன். இன்வெர்ட்டரைப் பலர் மறந்துவிடுவார்கள், அவுட்புட் பக்கம் உயிரோடு இருக்கும். அப்படியும் டிஜிட்டல் மீட்டர் ஒரு கம்பியில் 40 வோல்ட் காட்டியது. பக்கத்துக் கம்பியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் போலி வோல்டேஜ் அது. டெஸ்ட் லேம்ப் வைத்ததும் பூஜ்யம். 4 சதுர மில்லிமீட்டர் மல்டி ஸ்டிராண்ட் கம்பி, ஒவ்வொரு முனையிலும் கிரிம்ப் செய்த லக், அதாவது நசுக்கிப் பிடிக்கவைத்த உலோக முனை. ஒற்றைக் கம்பி போடக் கூடாது. குலுங்கிக் குலுங்கித் திருகின் கழுத்தில் முறிந்துவிடும். பழைய லிங்கை எடுத்து எறிந்தாகிவிட்டது.

சோதனையில் அண்ணன் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனோடு நிற்கவில்லை. அந்தப் பட்டன் எர்த்தைத் தொடாமலே வேலை செய்யும், எர்த் இணைப்பு இருக்கிறதா என்று அது சொல்லாது. ஜெனரேட்டரை ஓடவிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 15 வாட் பல்பை வைத்தார். 65 மில்லி ஆம்பியர். 30-க்கே விழ வேண்டிய வேன் ஆர்சிசிபி டக்கென்று விழுந்தது. அப்புறம் முன்பு தகராறு செய்த வீட்டிலேயே கேபிளைச் செருகினோம். விழவில்லை. கெட்டில் போட்டு காண்டாக்டில் அளந்தால் 20 மில்லிவோல்ட்.

மேட்டுப்பாளையம் இறங்கி ஏறி வந்த பிறகு எல்லாத் திருகையும் ஒரு சுற்று முறுக்கிப் பார்த்தேன். ஜெனரேட்டர் பக்க நியூட்ரல் மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தது; மற்றவை அசையவில்லை.

மிச்சம் இருப்பது பேட்டரி சார்ஜர். மாலையில் 200-க்குக் கீழே போனதும் நின்றுவிடுகிறது. 90 முதல் 264 வோல்ட் வரை வாங்கும் வகை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அடுத்த சம்பளத்துக்கு.