அப்பாவின் பெயருக்குக் கீழே

ஜூலை முதல் ஞாயிறு கிழக்கு ஜெர்மனியில் சுரங்கத் தொழிலாளர் தினம். கோட்புஸ் நகரில் எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் அன்று காலை பொத்தான்கள் பளபளக்கும் கறுப்புச் சீருடை அணிந்து வாசலில் நின்றார். "நான் சுரங்கத் தொழிலாளி, எனக்கு மேல் யார்?" என்று அன்றைய அரசே முழங்கிய காலத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டப் போனவர் அவர். வணங்கிவிட்டு மாடியேறினேன், மனம் நெய்வேலிக்குப் போய்விட்டது.

அங்கே கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை அள்ளிக்கொட்டும் ஒப்பந்தத் தொழிலாளி என் அப்பா. கடலூர்ப் பக்கம் பெண் வீட்டார் "மாப்பிள்ளை நெய்வேலியில் பர்மனென்ட்" என்று கேட்டதுமே தட்டை மாற்றத் தயாராகிவிடுவார்கள். என்ன வேலை என்று கேட்கக்கூடத் தோன்றாது. அதே குழியில், அதே வெயிலில் நின்ற அப்பாவை எவரும் நெய்வேலிக்காரர் என்று சொன்னதில்லை. அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயருக்குக் கீழே தலைமை ஆசிரியர் என்றும், மாமா பெயருக்குக் கீழே மின்சார வாரியம் என்றும் அச்சிட்டிருந்தார்கள். அப்பாவின் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த வெற்றிடம் இன்றும் என்னைச் சுடுகிறது.

அமெரிக்காவில் 1947-லும் 1963-லும் மக்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், தொழில்களின் மதிப்பு வரிசை ஏறக்குறைய மாறவே இல்லை என்று கண்டார்கள். மொத்த வரிசைக்கு அது பொருந்தலாம். ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஊரில் நின்று பார்த்தால் வேறு கதை தெரிகிறது. கோட்புஸின் வடக்குச் சுரங்கம் 2015-ல் நின்றுபோனது, அந்தக் குழி ஏரியாக மாறியிருக்கிறது. நிலக்கரி மின்சாரத்தை 2038-க்குள் நிறுத்தச் சட்டமே இருக்கிறது. பெரியவரின் பேரன் அந்தச் சீருடையைப் படம் எடுக்கிறான், உடுத்த ஆசைப்படவில்லை. எங்கள் ஊரிலும் நெய்வேலி மாப்பிள்ளையைத் தாண்டி வெளிநாட்டு மாப்பிள்ளை முன்னே வந்துவிட்டார். நான் இங்கே ரயில் பணிமனையில் கிரீஸ் படிந்த கையோடு நிற்பவன் என்பதை அத்தைமார் கேட்டதே இல்லை. ஜெர்மனி என்பதே அவர்களுக்குப் போதும். பெயர்ப்பலகைக்குத்தான் மரியாதை, உழைப்புக்கு அல்ல என்பது என் முடிவு.

இவ்வூர் குளிரும் ரொட்டியும் எனக்குப் பழகிவிட்டன. ஆனாலும் மழை விட்டதும் சுரங்கப் பக்கமிருந்து ஈரமண் வாடை வந்தால், அப்பாவின் காக்கிச் சட்டையைத் துவைக்கக் குனியும் அம்மாதான் நினைவில் நிற்கிறாள்.

தைமாதம் தம்பிக்குக் கல்யாணம். திருப்பாதிரிப்புலியூர் அச்சகத்துக்குப் போகும் பத்திரிகையில் அப்பாவின் பெயருக்குக் கீழே "சுரங்கத் தொழிலாளி, நெய்வேலி" என்று போடச் சொல்லியிருக்கிறேன். "அதெல்லாம் எதுக்குப்பா" என்றார் அப்பா. போட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.