ஹாசன் குடும்பப் பெயரா? பிறப்புப் பதிவுப் பாரம் நிரப்பும் முன் ஒரு பார்வை

மலேசியாவில் பிள்ளைக்கு எம்ஜிஆர் நினைவாக ராமச்சந்திரன் என்று பெயர் வைத்தால் பதிவிலாகா கவுண்டரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சிவாஜியின் கணேசனும் அப்படித்தான். கமல் பெயரை வைக்க நினைக்கும் அப்பாதான் எழுத்துக்கூட்டும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தப் பெயரின் இரண்டு பாதிக்கும் மலாய் மொழியில் ஒரு சாயல் பெயர் இருக்கிறது.

முதலில் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். ஹாசன் என்பது கமலின் குடும்பப் பெயர் அல்ல. அவருடைய அப்பா பரமக்குடி வழக்கறிஞர் சீனிவாசன். அவர் பெயரில் ஹாசன் கிடையாது. நம் ஊர் வழக்கப்படி ஐசி (அடையாள அட்டை) எடுத்திருந்தால் ‘கமலஹாசன் ஏ/எல் சீனிவாசன்’ என்றுதான் வந்திருக்கும். (ஏ/எல் என்றால் இன்னாரின் மகன், ஏ/பி என்றால் மகள்.) அண்ணன்மார் சாருஹாசன், சந்திரஹாசன். மூன்று பெயருக்கும் ஒரே வால். வடமொழியில் ‘ஹாச’ என்றால் சிரிப்பு. சாரு என்றால் அழகு, சந்திர என்றால் நிலவு, கமல என்றால் தாமரை. சாருஹாசனின் மகள் சுஹாசினி பெயரிலும் அதே சிரிப்புதான், பெண்பால் விகுதியோடு. (சந்திரஹாசம் இராவணன் வாளுக்கும் பெயர். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி.) கர்நாடகத்தில் ஹாசன் என்றொரு மாவட்டமே உண்டு, அங்குள்ள ஹாசனாம்பா, சிரித்த முகத்து அம்மன். தீபாவளியை ஒட்டித்தான் ஆண்டுக்கொரு முறை கோயில் நடை திறப்பார்கள்.

பெயரின் வால் குடும்பப் பெயராக மாறியது அடுத்த தலைமுறையில். ஸ்ருதி ஹாசன், அக்‌ஷரா ஹாசன் இருவரும் அப்பா பெயரின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சந்திரஹாசனின் மகள் அனு ஹாசனும் அப்படியே. சிவாஜி வீட்டில் இப்படி வெட்டவில்லை. கணேசன் மகன் பிரபு, பிரபு மகன் விக்ரம் பிரபு என்று அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வருகிறது. நம் ஏ/எல், ஏ/பி கணக்கும் இதேதான்.

யாகூப் ஹசன் என்ற நண்பரின் நினைவாக அப்பா வைத்த பெயர் என்றொரு கதை இன்றும் சுற்றுகிறது. அது வெறும் கதை, பெயர் ‘ஹாஸ்ய’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று கமலே பேட்டியில் சொல்லிவிட்டார். காதால் கேட்டாலே வித்தியாசம் தெரியும். அரபுப் பெயர் ஹஸன், ‘ஹ’ குறில். இங்கே ‘ஹா’ நெடில். கமலும் அப்படித்தான். வடமொழியில் கமல, தாமரை. அரபியில் கமால், நிறைவு. மலாய் எழுதும் ரூமி என்ற ரோமன் எழுத்தில் இந்தக் குறில் நெடில் எல்லாம் காணாமல் போய்விடும். இரண்டு சொல்லாக ‘கமல் ஹாசன்’ என்று எழுதி, அதிலும் ஹாசனுக்கு இரண்டு ‘எஸ்’ போட்டால், அது பக்கத்துக் கம்போங் (கிராமத்து) மலாய்ப் பெரியவர் ஒருவரின் பெயரேதான். ஏ/எல் வருகிற வரைக்கும் படிப்பவருக்கு வேறு எதுவும் தோன்றாது. பெயர்ப் பட்டியலில் ஏ/எல்லுக்கு முன்பே வெட்டிவிட்டால் அதற்கும் வழியில்லை.

அதனால் பையனுக்கு அந்தப் பெயர்தான் வேண்டும் என்றால் ‘கமலஹாசன்’ என்று ஒரே சொல்லாக, நடுவில் இடைவெளி விடாமல் எழுதுங்கள். ‘எல்’லுக்குப் பின் வரும் ஆங்கில ‘ஏ’தான் ‘கமல’ என்ற உச்சரிப்பைக் காப்பாற்றுகிறது. பெண்பிள்ளைக்கு ஸ்ருதி ஹாசன் மாதிரி பின்னால் ஒட்ட ஆசையென்றால் எச்-ஏ-ஏ-எஸ்-ஏ-என். இரட்டிக்க வேண்டியது ‘ஏ’, ‘எஸ்’ அல்ல. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டுப் பிறப்புப் பத்திரத்தில் ஹாசன் அவளுடைய குடும்பப் பெயராக ஆகாது, அவள் சொந்தப் பெயரின் ஒரு துண்டாகத்தான் நிற்கும். ஏ/பிக்குப் பிறகு உங்கள் பெயர்தான் வரும். பெரியவளானதும் வெளிநாட்டுப் பாரத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘ஹாசன்’ என்று போட்டுவிட்டு அப்பா பெயரை எங்கே வைப்பதென்று முழிப்பாள். என்னைக் கேட்டால் ஒட்ட வேண்டாம் என்பேன்.

தீபகற்பத்தில் பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு. கூடுதல் ஆவணம், கூடுதல் நடை. பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், வாயால் சொல்லாதீர்கள். லட்சுமி ‘டி-சி-எச்’ சேர்த்து ‘Letchumi’ ஆனதும், சுப்பிரமணியம் ‘b’ போய் ‘p’ வந்து ‘Supramaniam’ ஆனதும் காதால் கேட்டு எழுதியதால்தான். அப்பா பெயர் அப்பாவின் ஐசியில் உள்ளபடியே இறங்கும். அதில் பிழை இருந்தால் பிள்ளைக்கும் அதே பிழைதான்.

ஏற்கெனவே ‘கமல் ஹாசன் ஏ/எல் இன்னார்’ என்று இரண்டு ‘எஸ்’ போட்ட ஐசி கையில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டில், வங்கியில், கேடபிள்யூஎஸ்பியில் (ஊழியர் சேமநிதியில்) அப்படியே எழுத்து மாறாமல் வைத்திருங்கள். ஓரிடத்தில் மட்டும் ‘சரியான’ ஸ்பெல்லிங் போட்டால்தான் தொல்லை. இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணக் கடிதம் எடுத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

விமான டிக்கெட்டில் வேறு சிக்கல். நம் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே கட்டத்தில் இருக்கிறது. டிக்கெட் தளம் இரண்டு கட்டம் கேட்கும். சொந்தப் பெயரை முதல் பெயரிலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயரிலும் போடுங்கள். அப்பா பெயரே ‘கமல் ஹாசன்’ என்று இரண்டு சொல்லாக இருந்தால் இரண்டும் ஒரே கட்டத்தில் போக வேண்டும். ‘ஹாசன்’ மட்டும் பின்னால் போனால் ‘கமல்’ பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஏ/எல்லின் சாய்கோட்டைப் பல தளங்கள் ஏற்காது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரியிலும் அந்தக் கோட்டுக்கு இடமில்லை. வரிக்கு 44 எழுத்து, முதல் வரியில் பெயருக்கு 39 இடம். கோட்டை விட்டுவிட்டு ‘ஏஎல்’ என்று போடலாமா, இல்லை முழுக்க விட்டுவிடலாமா என்பதை அந்தந்த விமான நிறுவனத்தின் குறிப்பைப் பார்த்துச் செய்யுங்கள். போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

பதிவிலாகாவில் கையெழுத்துப் போடும் முன் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். முன்னிருந்து படித்தால் கண் பழக்கத்தில் ஓடிவிடும், காணாமல் போன ‘ஏ’ தெரியாது.