சோப்புத் தண்ணீரில் பூச்சி ஏன் மூழ்குகிறது? ப்ராஜெக்ட் வைவாவுக்குப் போகுமுன்

ரிசல்ட் வந்துவிட்டது. தேர்ச்சி. இப்போதுதான் மூச்சு வருகிறது. நீர்ப்பரப்பில் ஓடும் பூச்சிகளை எம்.எஸ்சி ப்ராஜெக்டுக்கு எடுக்கப்போகும் சேலத்து ஜூனியர் தம்பி, தங்கைகளுக்குச் சூடு ஆறுமுன் இதைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு, பைண்டிங் எல்லாம் உங்களுக்கே தெரியும். மார்க் போவது தலைப்பில் உள்ள அந்த ஒரு கேள்வியில்தான்.

"பரப்பு இழுவிசை குறைவதால்" என்று சொல்லி நிறுத்தினால் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) பேப்பரை நீட்டி, "கணக்குப் போடுங்க" என்பார். போட்டால் அந்தப் பதில் நிற்காது. பூச்சி 10 மில்லிகிராம் என்றால் எடை 98 மைக்ரோநியூட்டன். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். காலின் இரு பக்கமும் பரப்பு தாங்குவதால் ஒரு மீட்டர் நீளத்துக்கு அதிகபட்சம் 2 × 72 = 144 மில்லிநியூட்டன். அப்படியானால் தேவைப்படும் கால் நீளம் மொத்தமே 0.7 மி.மீ. சோப்பு கலந்து 72 என்பது 30 ஆனாலும் 1.6 மி.மீ போதும். கால்கள் தண்ணீரில் படியும் நீளமோ அதைவிடப் பலமடங்கு. கணக்குப்படி பூச்சி மூழ்கவே கூடாது.

விடை சேர்கோணத்தில், அதாவது நீர்ப்பரப்பு காலைத் தொடும் கோணத்தில் இருக்கிறது. அது பெரிதாக இருந்தால் கால் நனையாது. கால் முழுக்கச் சாய்ந்து படிந்த நுண்மயிர்கள், ஒவ்வொரு மயிரிலும் நானோ அளவில் வரிப்பள்ளங்கள், அவற்றில் சிக்கிய காற்று. ஆய்வாளர்கள் காவோவும் ஜியாங்கும் 2004இல் வெளியிட்ட அளவீட்டில் சேர்கோணம் 167 டிகிரி; ஒற்றைக் காலே உடல் எடையைப் போல் சுமார் 15 மடங்கு தாங்கியது. சோப்பு பட்டால் மயிர் நனைகிறது, காற்று வெளியேறுகிறது, சேர்கோணம் சரிகிறது. காலுக்கடியில் குழிந்து தாங்கிய நீர் இப்போது காலின் மேல் ஏறுகிறது. மேலே தூக்கிய அதே இழுவிசை கீழே இழுக்கிறது. "மிதப்பு விசை" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். இவ்வளவு மெல்லிய காலில் அதன் பங்கு மிகச் சிறிது.

ஏற்காட்டு ஓடைகளில் பிடிப்பவர்கள் பாட்டில் தண்ணீரில் போட்டு இறக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கி, நனைந்து, செத்துப்போகும். துளையிட்ட டப்பாவில் ஈரப்பாசி போதும், தண்ணீர் தேங்கக்கூடாது. நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று குத்தி உறிஞ்சிவிடும். மலையில் 20 டிகிரி, கீழே 35 டிகிரி, அதனால் மூழ்குமா என்றும் கேட்பார்கள். பரப்பு இழுவிசை 72.8இலிருந்து வெறும் 70.4 ஆகும், அவ்வளவுதான்.

லேபில்:

- ட்ரேயைச் சோப்பு போட்டுக் கழுவவே கூடாது. வெந்நீர், பிறகு காய்ச்சி வடித்த நீர்.
- ட்ரே நீரைச் சொட்டெண்ணிப் பாருங்கள். இழுவிசை குறைந்தால் சொட்டு சிறுத்து எண்ணிக்கை கூடும். அதே டிராப்பரில் 1 மி.லி. சுத்த நீர் 20 சொட்டு, ட்ரே நீர் 25 சொட்டு என்றால் 72 × 20/25 = 57.6. அந்த ட்ரேயில் எடுத்த ரீடிங் எதுவும் செல்லாது.
- நீரோட்டம் பார்க்கப் பேனா மை ஊற்றாதீர்கள். பல மைகளில் சோப்பு போல நனைக்கும் பொருள் கலந்திருக்கும். தைமால் ப்ளூ என்ற சாயம் நல்லது.
- போன் கேமராவில் நொடிக்கு 240 ஃப்ரேம் வைத்தால் சறுக்கும் வேகம் கிடைக்கும். கால் துடுப்புபோல் ஒருமுறை வீசுவது நொடியில் நூறில் ஒரு பங்கு. அதற்கு இரண்டு மூன்று ஃப்ரேம்தான் வரும். அதை வைத்து கிராப் போடாதீர்கள்.

உந்துவிசைக்குப் பழைய நோட்ஸில் "அலையைத் தள்ளி முன்னேறுகிறது" என்றிருக்கும். நீர்ப்பரப்பில் எழும் நுண்புழை அலையின் (சிற்றலையின்) குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 23 செ.மீ. அந்த வேகத்தைத் தாண்டினால்தான் கால் அலை எழுப்பும். பூச்சிக் குஞ்சுகளின் கால் அதை எட்டாது, ஆனாலும் ஓடுகின்றன. இதுதான் டென்னி முரண்பாடு. ஆய்வாளர்கள் ஹூ, சான், புஷ் மூவரும் 2003இல் காட்டிய விடை: நடுக்கால்கள் பின்னுக்குத் தள்ளும் அரைக்கோள நீர்ச்சுழல்களே உந்தத்தைச் சுமக்கின்றன.

ஒரு படம் அவசியம். ட்ரேக்கு மேலே ஒற்றை விளக்கு, அடியில் வெள்ளைத்தாள். காலின் நிழல் கோடாக விழாது. ஒளிவிளிம்போடு தடித்த முட்டை வடிவில் விழும். குழிந்த பரப்பின் நிழல் அது. பிறகு ஒரே ஒரு காலில் மட்டும் துளி சோப்புநீர் தொட்டு இன்னொரு படம். அந்தக் காலடியில் முட்டை வடிவ நிழல் இருக்காது. இரண்டையும் ரெக்கார்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.